ஓவனில் பேக்கன்: நான்காவது ட்ரேயில்தான் மொறுமொறுப்பு வந்தது

காலை உணவை ராத்திரியில் செய்து சாப்பிடுவதில் ஒரு சோம்பேறிச் சுகம் இருக்கிறது. முட்டை, டோஸ்ட், பேக்கன். அலுத்துப்போய் வந்து நிற்கும்போது என்ன செய்யலாம் என்று யோசிக்கவே வேண்டாம். தொல்லை கொடுப்பது பேக்கன் மட்டும்தான். வாணலியில் நாலு துண்டுக்கு மேல் கொள்ளாது, அடுப்பு முழுக்கக் கொழுப்பு தெறிக்கும், நடுப்பகுதி கருகும் நேரத்தில் ஓரம் வெள்ளையாக நெளிந்து நிற்கும். ஓவனில் வைத்தால் என்ன என்று இறங்கினேன். இதுவரை நாலு தடவை ஆகிவிட்டது.

முதல் தடவை முழு முட்டாள்தனம். பிஸ்கட் சுடுகிற, விளிம்பே இல்லாத தட்டையான தகட்டை எடுத்தேன். சூடும் 220 டிகிரி செல்சியஸ். பேக்கன் என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி வயிற்றுப்பகுதி இறைச்சி. பாதிக்குப் பாதி கொழுப்பாக இருக்கும், அது உருகி எங்கேயாவது போயாக வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பத்தாவது நிமிடத்தில் கொழுப்பு ஓவனின் அடித்தட்டில் சொட்டி, வீடு முழுக்கப் புகை. அன்று முட்டையும் டோஸ்ட்டும்தான்.

இரண்டாவது தடவை விளிம்புள்ள ட்ரேயில் ஃபாயில் விரித்து, அதன்மேல் கம்பி ரேக் வைத்து, 200 டிகிரியில் சுட்டேன். கொழுப்பெல்லாம் கீழே வடிந்துவிட்டது. பேக்கன் பரவாயில்லை, ஆனால் கொஞ்சம் வறண்ட மாதிரி இருந்தது. தன் கொழுப்பிலேயே பொரிகிற ருசி இதில் வரவில்லை. சாப்பிட்ட நேரத்தைவிட அந்த ரேக்கின் கம்பிகளைத் தேய்த்த நேரம் அதிகம். ரேக்கை அத்தோடு பரணில் ஏற்றியாகிவிட்டது.

மூன்றாவதில் பேராசை. ரேக் இல்லாமல், பார்ச்மென்ட் பேப்பர்மேல் ஒரு பாக்கெட் முழுவதையும் நெருக்கி அடுக்கினேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடமெல்லாம் வெந்த இறைச்சி மாதிரி சொதசொதவென்று இருந்தது. சுடச்சுடச் சுருங்கி இடம் விடும் என்று நினைத்தேன். சுருங்கத்தான் செய்தது, ஒட்டிய இடம் மட்டும் விடவில்லை.

நேற்று நான்காவது. துண்டுகளைத் தொடாமல் வரிசையாக வைத்தேன். ஓவனை முன்கூட்டிச் சூடாக்கவில்லை. குளிர்ந்த ஓவனிலேயே ட்ரேயை நடுத்தட்டில் வைத்து 200 டிகிரிக்குத் திருப்பினேன். சூடு மெதுவாக ஏறுவதால் இறைச்சி விறைத்துச் சுருளுவதற்கு முன்பே கொழுப்பு உருகத் தொடங்கிவிடுகிறது. துண்டுகள் பெரும்பாலும் தட்டையாகவே கிடந்தன. புரட்டவும் இல்லை. ஓவனின் பின்பக்கம் இருப்பவை சீக்கிரம் சிவப்பதால் பாதியில் ட்ரேயை மட்டும் திருப்பி வைத்தேன்.

இந்தத் தடவை கடிகாரத்தைவிடக் காதை நம்பினேன். முதலில் படபடவென்று வெடிக்கிற சத்தம். அது இறைச்சியிலுள்ள தண்ணீர். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் அடங்கி, துண்டுகளைச் சுற்றிப் பொடிப்பொடியாக வெள்ளை நுரை கட்டுகிறது. அந்த நுரை வந்துவிட்டால் ஓவனை விட்டு நகரக் கூடாது. பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவே ஓரிரு நிமிடம்தான்.

18வது நிமிடத்தில் இடுக்கியால் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தேன். நன்றாகச் சிவந்திருந்தது, ஆனால் துணி மாதிரி தொங்கியது. முன்பெல்லாம் இதைப் பார்த்துத்தான் 'இன்னும் ஆகவில்லை' என்று உள்ளே தள்ளிக் கெடுத்திருக்கிறேன். இப்போது எடுத்து டிஷ்யூ பேப்பரில் பரப்பினேன். இரண்டு மூன்று நிமிடத்தில் அதே துண்டு நிமிர்ந்து விறைத்துக்கொண்டது. விரலால் ஒடித்தால் 'டக்'! சூட்டில் இருக்கும்வரை மொறுமொறுப்பு தெரியாது, ஆறும்போதுதான் இறுகுகிறது. மூன்று ட்ரேயை வீணடித்துப் படித்த பாடம் இது ஒன்றுதான். ஆனால் இது மெல்லிய துண்டுக்கான கணக்கு. தடித்த துண்டுக்கு இன்னும் ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். மின்விசிறி உள்ள ஓவனில் 20 டிகிரி குறைத்துக்கொள்ளலாம்.

ட்ரேயில் நின்ற கொழுப்பைக் கொஞ்சம் ஆறவிட்டு, வடிகட்டிக் கண்ணாடி ஜாடியில் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். சிங்கில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதில் ஒரு கரண்டி மட்டும் எடுத்துப் பொடியாக நறுக்கிய உருளைக்கிழங்கை வதக்கினேன், அதே வாணலியில் முட்டையும். பேக்கன் கொழுப்பில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. பழக்கதோஷத்தில் நான் மேலே தூவியதால் கிழங்கு கொஞ்சம் கரித்தது.

அடுத்தது மிளகும் நாட்டுச் சர்க்கரையும் தடவிய ட்ரே. சர்க்கரை சட்டென்று கருகும், அதனால் 180 டிகிரியில் தொடங்குவதாக இருக்கிறேன். நடுவில் சத்தத்தைக் கேட்க வேண்டும், பாட்டு போடுவதில்லை.