விதியை மீறுகிறவன் யார்? எல்சாட் தயாரிப்பில் எனக்குக் கைகொடுத்த கேள்வி

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வில் 2024 ஆகஸ்டோடு லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி போய்விட்டது. இப்போது மதிப்பெண்ணில் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங்தான், அதாவது சின்னச் சின்ன வாதங்களைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் பகுதி. ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம், ஏறக்குறைய 25 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூடக் கிடைக்காது. இதில் என்னை அதிகம் இழுத்தடித்தது, போதுமான நிபந்தனை, தேவையான நிபந்தனை என்ற ஜோடி.

விளக்கம் எளிதுதான். அமெரிக்க அதிபராக 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். அது தேவையான நிபந்தனை. ஆனால் 35 ஆனவர்கள் எல்லோரும் அதிபராகிவிடுவதில்லை. ஒருவர் அதிபர் என்று தெரிந்தால், வயது 35-க்குக் குறையாது என்று அடித்துச் சொல்லலாம். அதைச் சொல்ல, அவர் அதிபர் என்ற தகவலே போதுமானது. இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை. கேள்வியில் அதிபர் இருந்த இடத்தில் ஏதோ ஒரு பூஞ்சையும், வயது இருந்த இடத்தில் மண்ணின் அமிலத்தன்மையும் வந்து உட்காரும்போதுதான் தலை சுற்றும்.

பயிற்சி வகுப்புகளில் 'இது இருந்தால் → அது இருக்கும்' என்று அம்புக்குறி போடச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. அம்பு எந்தப் பக்கம் போகிறது என்பதுதானே சந்தேகமே!

வழி கிடைத்தது பீட்டர் வேசன் என்ற உளவியலாளரின் 1966-ஆம் ஆண்டுப் புதிரில். மேசையில் நான்கு சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஆங்கில எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிபவை: ஈ (E), கே (K), 4, 7. 'ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும்' என்பது விதி. அது உண்மையா என்று பார்க்க எவற்றைத் திருப்ப வேண்டும்? பெரும்பாலானோர் ஈயையும் 4-ஐயும் திருப்புவார்கள். சரியான விடை ஈயும் 7-உம். 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்துவிடும்; 4-க்குப் பின்னால் எது இருந்தாலும் விதிக்குச் சேதமில்லை. பிறகு 1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் புளோரிடாவில் இதையே பீர், கோக், 22 வயது, 16 வயது என்று மாற்றிக் கொடுத்தார்கள். அங்கே அப்போது குடிக்க 19 ஆகியிருக்க வேண்டும். பீர் குடிப்பவரையும் 16 வயதுக்காரரையும் சோதிக்க வேண்டும் என்று பெரும்பாலானோர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். தர்க்கம் ஒன்றுதான், ஆனால் மீறுகிறவனைப் பிடிப்பது நமக்குக் கைவந்த வேலை.

அன்றிலிருந்து எந்த நிபந்தனை வாக்கியம் வந்தாலும் 'இதை மீறுகிறவன் எப்படி இருப்பான்?' என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். 'முன்பதிவு செய்யாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்', 'முன்பதிவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள்', 'உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் முன்பதிவு செய்தவர்கள்.' மூன்றுக்கும் மீறுகிறவன் ஒருவனே: முன்பதிவு இல்லாமல் உள்ளே இருப்பவன். முன்பதிவு செய்தும் வெளியே நிற்பவன் பாவம்தான், ஆனால் அவன் எந்த விதியையும் மீறவில்லை. 'இது இருந்தால் அது' என்பதை 'அது இல்லையென்றால் இதுவும் இல்லை' என்று திருப்பிப் போடுவதைக் கான்ட்ராபாசிட்டிவ் என்று மிரட்டுகிறார்களே, அதுவும் இதே ஆளைத்தான் தேடுகிறது.

வாதத்தில் சொல்லாமல் விட்ட கருத்தைக் கேட்கும் அனுமானக் கேள்விகளுக்கு இது மட்டும் போதாது. 'உணவகத்துக்கு நல்ல விமர்சனம் வந்திருக்கிறது, ஆகவே அடுத்த மாதம் லாபம் கூடும்' என்பது வாதம் என்று வையுங்கள். தேவையான அனுமானம் கேட்டால், விடையை மறுத்துப் பார்ப்பேன். 'கூடுதல் வரவைவிடக் கூடுதல் செலவு அதிகமாகாது' என்பதை மறுத்தால் லாபம் குறைகிறது, வாதம் விழுகிறது. ஆகவே அது தேவை. 'நல்ல விமர்சனம் வந்த எந்த உணவகத்துக்கும் அடுத்த மாதம் லாபம் கூடியே தீரும்' என்பது முடிவைப் பூட்டுப் போட்டு உறுதி செய்கிறது. அது போதுமானது. ஆனால் எங்கோ ஒரு உணவகத்துக்குக் கூடவில்லை என்றால் நம் வாதம் செத்துவிடாது, அதனால் தேவையானது அல்ல. 'எந்த', 'எல்லா' என்று அதட்டும் விடைகளைத் தேவையான அனுமானக் கேள்வியில் சந்தேகத்தோடும், போதுமான அனுமானக் கேள்வியில் ஆவலோடும் படிப்பேன். விதிவிலக்கு உண்டு, ஆனாலும் நேரம் மிச்சமாகும்.

ஒரு எச்சரிக்கை. 'சில', 'பெரும்பாலான' என்று வரும் வாக்கியங்களில் மீறுகிறவனைத் தேடாதீர்கள். பெரும்பாலான மாணவர்கள் பேருந்தில் வருகிறார்கள் என்றால் நடந்து வருகிற ஒருவன் எதையும் மீறுவதில்லை. அங்கே இரண்டு வட்டம் வரைந்து பார்ப்பதுதான் எனக்கு வேலைக்கு ஆனது.