கடலைப் பார்த்து வழி சொல்லுங்கள்: புதுச்சேரிக்கு ஒரு ஆடியோ நடை

பழைய புதுச்சேரியைக் காதில் கேட்டபடி தனியாகச் சுற்றிப் பார்க்கத் தயாரிக்கும் ஆடியோக்களில் அதிகம் சொதப்புவது "உங்கள் வலப்பக்கம் பாருங்கள்" என்ற வரிதான். கேட்பவர் எந்தத் திசையிலிருந்து வந்து நிற்கிறார் என்பது ஆடியோவுக்கு எப்படித் தெரியும்? இந்த ஊரில் அதற்கு நல்ல வழி இருக்கிறது. கடல் எப்போதும் கிழக்கே. வீதிகள் கடலை ஒட்டி ஓடும், இல்லையென்றால் கடலை நோக்கி ஓடும். "கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்" என்றால் வெளியூர்க்காரரும் தடுமாற மாட்டார். ஆளைச் சரியாக நிற்க வைத்த பிறகே வரலாற்றை ஆரம்பியுங்கள்.

காலை 6 மணிக்குக் காந்தி சிலையில் தொடங்கலாம். 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டி கிடையாது, வெயிலும் ஏறியிருக்காது. சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. பக்கத்திலேயே 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை நிமிடம் போதும். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் வரும். ஒரு நிறுத்தத்துக்கு 150 சொல்லைத் தாண்டினால் கால் நகரத் தொடங்கிவிடும்.

பெரும்பாலான நடைகள் ஒயிட் டவுன் எனப்படும் கடலோரப் பிரெஞ்சுப் பகுதியோடு முடிந்துவிடுகின்றன. அது பாதி ஊர்தான். பெரிய வாய்க்காலைத் தாண்டி மிஷன் வீதிக்கு வாருங்கள். ஜென்மராக்கினி மாதா பேராலயம் என்று கேட்டால் யோசிப்பவர்கள்கூட, சம்பா கோயில் என்றால் உடனே கை காட்டுவார்கள். ஆடியோவில் இரண்டு பெயரையும் சொல்லுங்கள். புஸ்ஸி வீதிக்கும் அப்படித்தான். வரைபடத்தில் அது லால் பகதூர் சாஸ்திரி வீதி. சம்பா கோயிலின் இன்றைய கட்டடம் 1791இல் முடிந்தது. அதன் அருகே இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்தில், 1748இல், இடிக்கப்பட்டதை அவருடைய துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், குரலை ஏற்றாமல் சொல்ல வேண்டும். கேட்பவரை வழிபாட்டுக்கு வருபவர்களின் நடுவே நிற்க வைக்காமல் எதிர்ப்புற நடைபாதையில் நிறுத்துங்கள்.

வைசியாள் வீதியில் அவசரப்படாதீர்கள். கீழே திண்ணை, மரத்தூண் தாங்கும் தாழ்வாரம். கண்ணை மேலே உயர்த்தினால் பிரெஞ்சு பாணியில் வளைவு வைத்த சன்னல்கள். ஒரே வீட்டில் இரண்டு ஊர். "தூணின் அடிக்கல்லைப் பாருங்கள், பிறகு மேல்மாடிக்கு வாருங்கள்" என்று கண்ணைப் படிப்படியாக ஏற்றுங்கள். இடையில் ஐந்து விநாடி மௌனம் விட்டால்தான் பார்க்க நேரம் கிடைக்கும். அந்தத் திண்ணைகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஏறி உட்காரக் கூடாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஜிபிஎஸ் பார்த்துத் தானாக ஒலிக்கும்படி அமைத்தால் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் வந்தால் ஒலிக்கும் என்ற அளவை 25 மீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். இணைவீதிகள் நெருக்கமாக இருப்பதால், 60 வைத்தால் பக்கத்து வீதியில் போகும்போதே கதை ஆரம்பித்துவிடும். கையால் தட்டி ஓடவிடும் பொத்தானும் இருக்கட்டும். ஒற்றைத் தடத்தில் (மோனோ) 64 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு அரை எம்பிக்கும் குறைவு. 20 நிமிடப் பேச்சு 10 எம்பிக்குள் அடங்கும். அறையிலேயே வைஃபையில் இறக்கிக்கொள்ளலாம்.

பதிவைக் கடற்கரையில் செய்யாதீர்கள், காற்று மைக்கை அறைந்து சொல்லை விழுங்கிவிடும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன் பேசினால் எதிரொலி அடங்கும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் 'ப' எழுத்து வெடிக்காது.

அரவிந்தர் ஆசிரமத்துக்குள் போனை அணைத்துவிட வேண்டும். அதற்கான பேச்சை வாசலுக்கு முந்தைய முனையிலேயே முடித்துவிடுங்கள். தெருவில் ஒரு காதில் மட்டும் இயர்போன் போதும், பின்னால் வரும் ஸ்கூட்டர் கேட்க வேண்டும்.

அடுத்த நிறுத்தத்துக்கான வழியை ஒவ்வொரு பதிவிலும் கடைசி வரியாக வையுங்கள். நடுவில் சொன்னால் ஆள் அப்போதே கிளம்பிவிடுவார், மீதிக் கதை வேறு வீட்டு வாசலில் ஓடும்.