எட்டு, ஒன்பது, பத்து

ஜூன் 3
நாளை மகளுக்கு மயக்கம் கொடுத்து உணவுக்குழாயை விரிக்கப் போகிறார்கள். திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். தெளிந்த நீர் 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். பால் அந்தக் கணக்கில் வராது. இதை எனக்குப் புரியவைத்துவிட்டார்கள். அவளுக்கு யார் புரியவைப்பது? கண் விழித்ததும் பால்தான் கேட்பாள்.

ஜூன் 4
முடிந்தது. 10 மில்லிமீட்டர் வரை போயிருக்கிறார்கள்.

ஜூன் 4, இரவு
தூக்கம் வரவில்லை. பிறந்த வாரத்தில் உணவுக்குழாயை இணைத்துத் தைத்த இடம் தழும்பாகிச் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதற்குள் பலூனைச் செலுத்தி, தண்ணீர் ஏற்றி விரிக்கிறார்கள். ஒரே பலூன்தான். அழுத்தம் ஏற ஏற 8, 9, 10 என்று மூன்று அளவு. இறுக்கம் தட்டுப்பட்ட இடத்திலிருந்து ஒரே தடவையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் பொதுவாகப் போக மாட்டார்களாம். தழும்பு கொஞ்சம் கிழிந்தால்தான் வழி பெரிதாகும். அதிகம் கிழிந்தால் ஓட்டை.

நெஞ்சு வலி, காய்ச்சல், மூச்சிரைப்பு, கழுத்துத் தோலுக்கு அடியில் காற்று. எது வந்தாலும் உடனே கூப்பிடச் சொன்னார்கள். காற்று இருந்தால் விரலுக்கு நெறுநெறுவென்று தெரியுமாம். அழுத்திப் பார்க்கிறேன், மறுபடி அழுத்துகிறேன். கையைத் தட்டிவிட்டுப் புரண்டு படுக்கிறாள்.

இருமல். அந்தக் குரைக்கிற இருமல். மூச்சுக்குழல் தொய்வாக இருப்பதால் வருவது, பலூனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தெரியும். தெரிந்தும் எழுந்து விளக்கைப் போடுகிறேன்.

ஜூன் 5
மசித்த வாழைப்பழம். கிண்ணம் காலி!

ஜூன் 9
அப்பாவுக்கும் சாப்பாடு நெஞ்சில் நிற்கிறதாம். இப்போது இல்லை, ரொம்ப நாளாகவே. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிப்பார், நடுவில் எழுந்து நிற்பார், கடைசியாகக் கை கழுவுவார். நிதானமாகச் சாப்பிடுகிற மனுஷன் என்று நாங்கள் எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஜூன் 13
இருமல் குறைந்திருக்கிறது. எழுதவே பயமாக இருக்கிறது.

ஜூன் 17
அப்பாவின் பேரியம் படம் வந்தது, பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கிற எக்ஸ்ரே. மேலே குழாய் அகன்றிருக்கிறது, கீழே பறவை அலகு போல் கூராக முடிகிறது. அகலேசியா. அங்கே தழும்பும் இல்லை, கட்டியும் இல்லை. நரம்புகள் செத்துப்போனதால் கீழ்த் தசை திறக்க மறந்துவிட்டது.

இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று பலூன், 30 மில்லிமீட்டரில் ஆரம்பம். "பேத்திக்கு 10, எனக்கு 30-ஆ? என்னம்மா இது அநியாயம்!" இன்னொன்று போயம். எண்டோஸ்கோப்பி வழியாகவே குழாய்ச் சுவருக்குள் சுரங்கம் தோண்டிப் போய், அந்தத் தசையை மட்டும் வெட்டிவிடுவது. வெளியே தழும்பே இருக்காது. ஜப்பானில் இனோவே என்ற மருத்துவர் 2008-இல் மனிதர்களுக்குச் செய்யத் தொடங்கியது. பிறகு அமிலம் மேலே ஏறி வருவது சகஜம், அதற்கு மாத்திரை.

அப்பா சுரங்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். படத்தைக் காட்டி, பார்க்கிறவர்களிடமெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தத் தெம்பு ஏன் இல்லை?

ஜூன் 18
அவளுக்கு இப்போது எத்தனை மில்லிமீட்டர் இருக்கும்? வெளியிலிருந்து தெரிந்துகொள்ள வழியே இல்லை. தட்டைப் பார்த்துதான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஜூன் 22
ஆப்பிள் துண்டு சிக்கிக்கொண்டது. அழவில்லை, மூச்சு நன்றாக வந்தது, ஆனால் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. எச்சிலே இறங்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. காத்திருக்கவில்லை. மயக்கம் கொடுத்து, குழந்தைகளுக்கான மெல்லிய எண்டோஸ்கோப்பிக் குழாயை விட்டு எடுத்தார்கள். பெரியவர்களுடையது 9, 10 மில்லிமீட்டர் தடிமன், இது அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும்.

ஆப்பிளைத் தோல் சீவிக் கொடுத்தது யார் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

ஜூன் 23
யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஜூன் 25
அப்பாவுக்கு முடிந்தது. நாளைக்குத் திரவ உணவு.

ஜூன் 29
அப்பா தண்ணீர் இல்லாமல் ஒரு வேளை முழுதும் சாப்பிட்டாராம். போனில் மென்று காட்டுகிறார். சந்தோஷம்தான். பொறாமையும்தான், ஒரு குழந்தைக்காக அப்பாமேல் பொறாமை.

ஜூலை 1
விரித்த இடம் திரும்பத் திரும்பச் சுருங்கினால் தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடலாம், அல்லது தழும்பு வளர்வதைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்தைப் பஞ்சில் நனைத்துத் தடவலாம் என்கிறார்கள். கேட்க வேண்டியவை: இவளுக்கு எது? எப்போது? இந்த முறை 11 வரை போவார்களா, இல்லை மறுபடி 8-லிருந்தா?