அரை அங்குலம்

திருப்பாப்புலியூரில் படத்துக்குக் கண்ணாடி போடும் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாணப் படம், காலமானவர்களின் புகைப்படம், இவைதான் என் பிழைப்பு. பூப்படம் கொண்டுவருகிறவர்கள் குறைவு. ஆனாலும் என் கல்லாவுக்கு மேலே ஒரு பூப்படம் தொங்குகிறது. அதற்கு நான் செய்த அநியாயத்தை எழுதிவிடுகிறேன்.

பத்து வருடம் இருக்கும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பிரெஞ்சுப் பாடப்புத்தகங்களுக்கு நடுவே கிடந்தது. எண்பது ரூபாய். ஏதோ புத்தகத்திலிருந்து பிரிந்த ஒற்றைத் தாள். நித்தியகல்யாணிச் செடி. மேலே 248 என்று எண், கீழே பொடி எழுத்தில் ஓர் ஆங்கில வரி. கடையில் பிள்ளையார் படத்துக்கு அறுத்து மீந்த சட்டம் ஒன்று இருந்தது. தாள் அதைவிட அரை அங்குலம் நீளம். கத்தியை எடுத்துக் கீழ் விளிம்பை நறுக்கிவிட்டேன். அந்த வரி குப்பையோடு போயிற்று.

வீட்டில் மாட்டப் போனேன். "சுடுகாட்டுப் பூவைப் போய் நடுக்கூடத்தில் மாட்டுகிறீர்களே!" என்றாள் மனைவி. கடைக்கே திரும்பி வந்தது.

பிறகு ஒருநாள் தாவரவியல் பேராசிரியர் ஒருவர் தம் அப்பாவின் படத்துக்குச் சட்டம் போட வந்தார். அண்ணாந்து பார்த்தவர், "கீழே ஒரு வரி இருந்திருக்குமே, எங்கே?" என்றார். சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வெளியிட்டவர் பெயரும் தேதியும் இருந்த வரி அது. 1787இல் லண்டனில் வில்லியம் கர்டிஸ் தொடங்கிய தாவரவியல் இதழின் படமாம். ஓர் இதழுக்கு மூன்று படம், விலை ஒரு ஷில்லிங்.

சட்டத்தைக் கழற்றி, தாளின் ஓரத்தை விரலால் தடவச் சொன்னார். மெல்லிய பள்ளம் தட்டுப்பட்டது. செப்புத் தகட்டில் கோடு கோடாக வெட்டி, மையை நிரப்பி, மேலே படிந்ததைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்துவார்கள். தகட்டின் விளிம்பு தாளில் பதிந்துவிடும். என் படத்தில் மூன்று பக்கம்தான் பள்ளம் இருக்கிறது. நான்காவது பக்கம் என் கைங்கரியம்.

நிறம் அச்சில் வந்ததல்ல. சுமார் முப்பது பேர் தூரிகையால் தீட்டினார்களாம். அந்த இதழுக்கு 1948 வரை கையால்தான் நிறம் தீட்டினார்கள் என்றார். அவரிடமிருந்து லென்ஸை வாங்கிப் பார்த்தேன். இப்போதைய அச்சாக இருந்தால் நிறம் புள்ளி புள்ளியாகச் சிதறும். இதில் ரோஜா நிறம் குட்டைத் தண்ணீர்போல் தேங்கி நிற்கிறது. ஒரு பூவிதழில் மட்டும் கோட்டைத் தாண்டி முடியளவு வழிந்திருக்கிறது. அவசரமோ, அசதியோ. முப்பது பேரில் யார் கை என்று தெரியாத அந்த வழிசல்தான் படத்திலேயே எனக்குப் பிடித்த இடம்.

இந்தச் செடி மடகாஸ்கரைச் சேர்ந்ததாம். லண்டன் குளிர் ஆகாது என்று கண்ணாடி வீட்டுக்குள் கணப்பு மூட்டி வளர்த்திருக்கிறார்கள். இங்கே தேவனாம்பட்டினத்து மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே பூத்துக் கிடக்கிறது, ஆடுகூட வாய் வைப்பதில்லை. இரத்தப் புற்றுநோய்க்கு இதிலிருந்து மருந்து எடுக்கிறார்கள் என்று சொன்னதும் மனைவி கொஞ்சம் இறங்கி வந்தாள். இருந்தாலும் வீட்டுக்கு வேண்டாமாம்.

பிள்ளையார் சட்டத்தை எறிந்துவிட்டுப் பெரிதாகப் புதுச் சட்டம் போட்டேன். கடலூர்க் காற்றின் ஈரத்துக்குத் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்; அதனால் சுற்றிலும் தடித்த மவுன்ட் அட்டை. பசை கிடையாது. ரோஜா நிறம் வெளுத்துவிடும் என்பதால் வெயில் படாத சுவர். அட்டையின் கீழ் ஓரத்தை அரை அங்குலம் ஏற்றியிருந்தால் வெட்டு மறைந்திருக்கும். ஏற்றவில்லை. பார்க்கிறவர்களுக்கு அது கொஞ்சம் கோணலாகத் தெரியும். அன்றைக்குக் கத்தியும் மழுங்கியிருந்தது.