பேக் டேபிளில் இரண்டு வருடம்

உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சையில் பயிற்சிக்குச் சேரலாமா என்று யோசிக்கும் இளைய மருத்துவர்கள் என்னிடம் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றித்தான். தூக்கம் போகும், அதில் சந்தேகமே வேண்டாம். கொடையாளர் எந்த நேரத்தில் கிடைப்பார் என்பது யார் கையிலும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது குளிர். விரல் நுனி மரத்துப்போய், ஊசியைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாத குளிர்.

கொடையாளரிடமிருந்து எடுத்த கல்லீரல், மூன்று பைகளுக்குள் கட்டப்பட்டு ஐஸ் பெட்டியில் வந்து சேரும். நோயாளியின் மேசைக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு மேசை போட்டிருப்போம். அதன்மேல் ஒரு பெரிய பாத்திரம், அதில் நொறுக்கிய ஐஸ், அதற்குள் கல்லீரல். இதுதான் பேக் டேபிள். கல்லீரலோடு ஒட்டிக்கொண்டு வந்த உதரவிதானத்தின் தசையை நீக்க வேண்டும். பெருஞ்சிரையிலிருந்து பிரியும் சின்னச் சின்னக் கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும். குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையைச் சுத்தம் செய்ய வேண்டும். தமனியை அதன் வேர் வரை தேடிப்போக வேண்டும். கடைசியில் குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கிளையைக் கட்டாமல் விட்டுவிட்டால், இரத்தம் பாய்ந்ததும் அந்த ஓட்டை நம்மைத் தேடி வரும். அப்போது கல்லீரல் நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கும், பின்பக்கம் கை எட்டாது.

இவ்வளவும் ஐஸுக்குள் கை வைத்தபடிதான் நடக்கும். சூடு ஏறினால் இரத்த ஓட்டம் இல்லாத செல்கள் ஆக்சிஜன் கேட்க ஆரம்பித்துவிடும். கல்லீரலை ஊறவைக்கும் கரைசலை 1980-களின் பிற்பகுதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சவுத்தார்டும் உருவாக்கினார்கள். அது வந்த பிறகுதான் கல்லீரலைப் பன்னிரண்டு மணி நேரம்வரை வெளியே வைத்திருக்க முடிந்தது. அப்படியும் எட்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். சிறுநீரகம் ஒரு நாள்கூடத் தாங்கும்.

முதல் சில மாதங்கள் பெரும்பாலும் சிறுநீரகங்களோடுதான் கழிந்தன. நோயாளியின் பழைய சிறுநீரகங்களை வழக்கமாக எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றின் பக்கவாட்டில் வைத்து, காலுக்குப் போகும் இரத்தக்குழாய்களோடு இணைத்து, சிறுநீர்க்குழாயைச் சிறுநீர்ப்பையில் சேர்ப்போம். சில சமயம் மேசையிலேயே சிறுநீர் பீய்ச்சிக்கொண்டு வரும். அந்தத் திரவத்தைப் பார்த்து ஒரு அறை முழுக்க இவ்வளவு சந்தோஷப்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

கல்லீரல் வேறு மாதிரி. அதற்கு இரண்டு வழியாக இரத்தம் போகிறது. முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக. மீதி, தமனி வழியாக. தமனியின் பங்கு குறைவுதானே என்று தோன்றும். ஆனால் பித்தநாளங்களுக்கு உணவு தருவது தமனி மட்டும்தான். மாற்றிவைத்த கல்லீரலில் தமனி அடைத்துக்கொண்டால் கல்லீரலின் சதை கொஞ்ச நாள் சமாளிக்கும், பித்தநாளங்கள் அழுகிவிடும். பிறகு காய்ச்சல், சீழ், பெரும்பாலும் இன்னொரு கல்லீரலுக்கான காத்திருப்பு. இது எல்லாமே புத்தகத்தில் இருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் நான் செய்த தவறைச் சொல்லாமல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுத முடியாது.

பயிற்சி தொடங்கி எட்டாவது மாதம். மூளைச்சாவு அடைந்த கொடையாளர் ஒருவரிடமிருந்து உறுப்புகளை எடுக்க எங்கள் குழு போயிருந்தது. ஆரம்பிக்கும் முன் எல்லோரும் கைகட்டி ஒரு நிமிடம் அமைதியாக நின்றோம். குடும்பத்தார் எழுதித் தந்த நான்கு வரிகளை மயக்க மருந்து மருத்துவர் வாசித்தார். அதன் பிறகுதான் கத்தி. வயிற்றைத் திறந்து கொஞ்ச நேரத்தில் கொடையாளரின் இரத்த அழுத்தம் சரியத் தொடங்கியது. மருந்தைக் கூட்டினார்கள், நிற்கவில்லை. இதயக் குழுவினர் சீக்கிரம் கிளாம்ப் போட வேண்டும் என்றார்கள்.

கிளாம்ப் போடும் நொடியில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பெருந்தமனியை மேலே அடைத்து, கீழிருந்து குளிர்ந்த கரைசலைச் செலுத்துவோம். இரத்தம் வெளியேறும், வயிற்றுக்குள் ஐஸைக் கொட்டுவோம். இதயம் நிற்கும். வென்டிலேட்டரை அணைத்துவிடுவார்கள். அதுவரை பீப் பீப் என்றிருந்த அறையில் உறிஞ்சு குழாயின் சத்தம் மட்டும் கேட்கும். எத்தனை தடவை அங்கே நின்றாலும் அந்த நொடி பழகவில்லை. பழகிவிடவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நொடிக்கு முன்னால் செய்தே ஆக வேண்டிய வேலை ஒன்று உண்டு. பத்தில் ஒருவருக்காவது கல்லீரலின் வலப்பக்கத்துக்குக் கூடுதலாகவோ மாற்றாகவோ ஒரு தமனி இருக்கும். வழக்கமான இடத்தில் பிறக்காமல், குடலுக்குப் போகும் பெரிய தமனியிலிருந்து கிளைத்து, போர்ட்டல் சிரைக்குப் பின்னால் ஒளிந்து மேலே ஏறும். அங்கே விரலை விட்டுப் பார்த்தால் துடிப்பு தெரியும். கிளாம்ப் போட்ட பிறகு துடிப்பு ஏது? வெளுத்துப்போன திசுக்களுக்கு நடுவில் அதுவும் ஒரு வெள்ளை நூல், அவ்வளவுதான். அன்று அவசரத்தில் நான் விரல் விட்டுப் பார்க்கவில்லை. போர்ட்டல் சிரைக்குப் பின்னால் இருந்த திசுக்களைக் கத்தரித்தபோது அதையும் சேர்த்துக் கத்தரித்துவிட்டேன்.

பேக் டேபிளில்தான் தெரிந்தது. வெட்டுப்பட்ட வாய் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். அதற்குள் மெல்லிய குழாயை நுழைத்துக் கரைசலைச் செலுத்தினேன். கல்லீரலின் வலது பின்பகுதி முழுவதிலும் பரவியது. சின்னக் கிளைதானே என்று கட்டிவிடக்கூடிய தமனியே இல்லை அது.

தலைமை அறுவைச் சிகிச்சையாளர் அப்போது நோயாளியின் வயிற்றில் இருந்தார். "சார், பின்னால் போகிற வலது தமனியை வெட்டிவிட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். அவர் கையிலிருந்ததை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து பார்த்தார். "சரிம்மா. இரண்டு முனையும் எங்கேன்னு காட்டு. எவ்வளவு நேரம் ஆச்சு?" வேறு எதுவும் கேட்கவில்லை.

டியோடினத்துக்கு, அதாவது சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்கு, போகும் கிளைத் தமனி எப்படியும் கட்டப்பட வேண்டியதுதான். அதன் அடிக்கட்டையைத் திறந்து, வெட்டுப்பட்ட தமனியை அதில் இணைத்தார். தலைமுடியைவிட மெல்லிய 8-0 நூல். அதை நான் தைக்கவில்லை. ஐஸில் கல்லீரலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரத்தக்குழாய்களை மூன்று இடத்தில் பிடித்து முக்கோணமாக்கித் தைக்கும் முறையை பிரெஞ்சு அறுவைச் சிகிச்சையாளர் அலெக்சி காரெல் 1902-ல் எழுதினார். லியோன் நகரத்தில் எம்பிராய்டரி வேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார் என்பார்கள். பத்து வருடம் கழித்து நோபல் பரிசு வந்தது. அன்று சார் தைப்பதைப் பார்த்தபோது, கற்றுக்கொள்ள காரெல் ஏன் அறுவை அறையைவிட்டு அங்கே போனார் என்று புரிந்தது.

கல்லீரல் உள்ளே போனது. முதலில் மேல் சிரைகள், அப்புறம் போர்ட்டல் சிரை. போர்ட்டல் சிரைத் தையலில் முடிச்சைச் சுவரோடு ஒட்டி இறுக்கக் கூடாது. சிரையின் அகலத்தில் பாதிக்கு மேல் தள்ளி, காற்றில் நிற்கிற மாதிரி போட வேண்டும். இரத்தம் பாயும்போது சிரை விரியும், விட்டுவைத்த நூல் உள்ளே இழுபட்டுத் தையல் வளையம் தானே அகலமாகும். இறுக்கிவிட்டால் அந்த இடம் சுருக்குப் பை மாதிரி குறுகிவிடும். 1984-ல் அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் தாமஸ் ஸ்டார்ஸ்லும் உடனிருந்தவர்களும் எழுதிவைத்த உத்தி இது. இன்றும் அப்படியேதான் செய்கிறோம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிச்சு.

கரைசலில் பொட்டாசியம் ஏராளம். கழுவி வெளியேற்றாமல் இரத்த ஓட்டத்தைத் திறந்தால் நோயாளியின் இதயம் நின்றுவிடலாம். கழுவினோம், திறந்தோம். சாம்பல் பழுப்பில் கிடந்தது இளஞ்சிவப்பாக மாறியது. தமனியையும் இணைத்து, இரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் காட்டும் டாப்ளர் கருவியை வைத்துக் கேட்டோம். இணைத்துத் தைத்த கிளையிலும் சத்தம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பித்தநாளத்தின் வாயில் பொன்னிறத்தில் முதல் சொட்டு திரண்டது. அதைப் பார்த்த பிறகுதான் என் கால்கள் நடுங்க ஆரம்பித்தன.

வெளியே நோயாளியின் மனைவி காத்திருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னோம். உறுப்பை எடுக்கும்போது ஒரு தமனி வெட்டுப்பட்டது, வெட்டியது நான், சேர்த்துத் தைத்திருக்கிறோம், அடைப்பு வரும் ஆபத்து வழக்கத்தைவிடக் கூடுதல். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தினமும் வந்து பார்ப்பீங்களா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன். முதல் வாரம் காலையும் மாலையும் டாப்ளர். இரவில் எழுந்துபோய்ப் பார்த்த நாட்களும் உண்டு.

அடுத்த வாரக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் இதை விளக்க வேண்டியிருந்தது. முந்தின நாள் சார் என்னை உட்காரவைத்து ஸ்டார்ஸ்லைப் பற்றிப் பேசினார். 1963-ல் டென்வரில் அவர் செய்த முதல் கல்லீரல் மாற்றில் அந்தக் குழந்தை இரத்தப்போக்கால் மேசையிலேயே இறந்துபோனது. அடுத்து வந்தவர்களும் பிழைக்கவில்லை. நிறுத்திவிட்டு, ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, 1967-ல்தான் மறுபடி தொடங்கினார். "நிறுத்தின அந்த வருஷங்கள்ல அவர் என்ன பண்ணினார்னு படிச்சுப் பாரும்மா" என்றார். ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து என்னை ஆய்வுக் குழுவில் சேர்த்தார்.

ஆய்வு பித்தநாளங்களைப் பற்றியது. யாருக்கும் வைக்க முடியாது என்று நிராகரிக்கப்பட்ட கல்லீரல்களை ஒரு இயந்திரத்தில் இணைத்து, 37 டிகிரியில், சிவப்பணுக்கள் கலந்த திரவத்தைத் தமனியிலும் போர்ட்டல் சிரையிலும் ஓடவிடுவோம். ஐஸில் உறங்கிய கல்லீரல் வேலை செய்யத் தொடங்கும், பித்தம் சுரக்கும். ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர் தலைமையில் நடந்து 2018-ல் வெளியான சோதனையில், இப்படி வைத்திருந்த கல்லீரல்களுக்குச் சேதம் ஐஸில் வைத்தவற்றைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. 2020-ல் பர்மிங்ஹாம் குழுவினர் நிராகரிக்கப்பட்ட 31 கல்லீரல்களை இயந்திரத்தில் சோதித்து, ஆக்சிஜன் குறையும்போது செல்களில் சேரும் லாக்டேட் நன்றாகக் குறைந்த 22-ஐ நோயாளிகளுக்கு வைத்தார்கள். முதல் மூன்று மாதத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குப் பிரமிப்பாக இருந்தது. ஆனால் அவர்களில் நான்கு பேருக்குப் பின்னால் பித்தநாளம் சுருங்கி, மறுபடியும் கல்லீரல் மாற்ற வேண்டிவந்தது.

அந்த நான்கு பேர்தான் எங்கள் கேள்வி. லாக்டேட் கல்லீரல் செல்களின் நலத்தைச் சொல்கிறது. பித்தநாளத்தின் உட்சுவரைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. ஆனால் அந்தச் சுவர் நலமாக இருந்தால் பித்தத்தில் பைகார்பனேட்டைச் சேர்க்கும், குளுக்கோஸை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பித்தத்தின் கார அமில அளவையும் குளுக்கோஸையும் அளந்தால் நாளத்தின் நிலை தெரியும். என் வேலை, அரை மணிக்கொரு தரம் மாதிரி எடுத்து அளப்பது. கூடவே நாளத்தில் சின்னத் துண்டு வெட்டி நுண்ணோக்கிக்கு அனுப்புவது.

நெறிமுறைக் குழு எங்கள் விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. முதலில் எரிச்சலாக இருந்தது. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: இன்னொருவர் உயிர் பிழைக்கட்டும் என்று கொடுத்த குடும்பத்தாரிடம், ஆய்வுக்கும் சம்மதமா என்று தனியாகக் கேட்டீர்களா? படிவத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது, ஆனால் கையெழுத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில். மேலே கொண்டுவந்தோம். ஒருங்கிணைப்பாளர்கள் அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட ஏற்பாடு செய்தோம். வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவர்களை யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. குழு சொன்னது நூறு சதவீதம் சரி என்று இன்று நம்புகிறேன்.

இயந்திரத்தோடு கழித்த இரவுகள்தான் எனக்குக் கடினமானவை. அறுவை அறையில் பரபரப்பு நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இங்கே நானும் பம்பின் சத்தமும் மட்டும். ஒரு இரவு, கொழுப்பு அதிகம் என்று மூன்று மையங்கள் மறுத்த கல்லீரல் வந்தது. நான்கு மணி நேரத்தில் லாக்டேட் இறங்கியது, பித்தம் காரத்தன்மைக்கு வந்தது, எல்லா எண்ணும் நன்றாக இருந்தது. எங்கள் அனுமதி ஆய்வுக்கு மட்டும், அதை யாருக்கும் வைக்க முடியாது. ஆறாவது மணி நேரத்தில் பம்பை நானே அணைத்தேன். பித்தக் குழாயில் கடைசிச் சொட்டு நின்றுபோகும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மாதிரிகளுக்கு எண் ஒட்டி, குடும்பத்துக்குக் கொடுத்த வாக்குப்படி எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டுக் கிளம்பினேன்.

எங்களிடம் இருந்த கல்லீரல்களின் எண்ணிக்கை குறைவு. பெரிய முடிவு எதையும் நாங்கள் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. இதற்கிடையில் 2021-ல் நெதர்லாந்து குழு, இதயம் நின்ற பிறகு எடுத்த கல்லீரல்களைக் குளிர்ந்த நிலையிலேயே ஆக்சிஜன் கலந்த கரைசலால் கழுவி வைத்ததில், பித்தநாளச் சுருக்கம் 18 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியதைக் காட்டியது. நாளங்களைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

அந்த நோயாளி ஒரு வருடப் பரிசோதனைக்கு மனைவியோடு வந்திருந்தார். ஸ்கேனில் இரண்டு தமனிகளும் திறந்திருந்தன, நாளங்களில் சுருக்கம் இல்லை. உடல் புதிய உறுப்பை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவைச் சரிபார்த்து, மாத்திரையைக் காலையிலும் மாலையிலும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும் என்று வழக்கம்போல நினைவூட்டினேன். "இன்னிக்கும் பார்த்தீங்களா டாக்டர்?" என்று மனைவி கேட்டார். திரையைத் திருப்பி, வெட்டித் தைத்த இடத்தைக் காட்டினேன்.

இப்போது கொடையாளர் அறுவைக்குப் போகும் குழுவை நான் நடத்துகிறேன். எவ்வளவு அவசரமானாலும் கிளாம்புக்கு முன் போர்ட்டல் சிரைக்குப் பின்னால் விரலை வைத்து, "பின்னால் துடிப்பு இருக்கு" அல்லது "இல்லை" என்று சத்தமாகச் சொல்வேன். எதிரே நிற்கும் பயிற்சி மருத்துவரும் தன் விரலை வைத்துப் பார்த்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகுதான் கிளாம்ப்.