பதினேழே முக்கால் பவுன்

2024 ஜனவரி 5, வெள்ளி

பையனின் மரக்கார் பந்தயத்துக்கான (பைன்வுட் டெர்பி) பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்கு நான்கு ஆணி. கட்டை 7 அங்குல நீளம், 1¾ அகலம், 1¼ உயரம். 27ஆம் தேதிக்குள் இது காராக வேண்டும். மோட்டார் கிடையாது, கையால் தள்ளவும் கூடாது. சரிவின் உச்சியில் நிறுத்தித் தடுப்பை எடுப்பார்கள், தன் எடையில் தானே இறங்க வேண்டும். எடை 5 அவுன்ஸ் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் ஓடவிட மாட்டார்கள்.

பையன் கட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறான்.

அண்ணன் அனுப்பிய அப்பாவின் எடை: 53.2 கிலோ.

ஜனவரி 6, சனி

எழுந்ததும் விசா மனுவின் ஸ்டேட்டஸ் பார்த்தேன். அது முடியாமல் ஊருக்குப் போக முடியாது. மாறவில்லை.

இரவு ஒன்பதரைக்கு அப்பாவைக் கூப்பிட்டோம். அங்கே காலை எட்டு. மதினி முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்திருந்தார். பையன் கட்டையைக் கேமராவுக்கு நேரே பிடித்து, "தாத்தா, அஞ்சு அவுன்ஸ்தான் இருக்கணும்" என்றான். அப்பா யோசிக்கவே இல்லை. "நூத்தம்பத்தஞ்சரை கிராம்" என்றார்.

இல்லையே, 141.7 தானே என்றேன். அப்புறம்தான் புரிந்தது. அவர் சொன்னது தங்க அவுன்ஸ், 31.1 கிராம். இங்கே அமெரிக்காவில் மளிகைக்கும் தபாலுக்கும் நடப்பில் இருப்பது 28.35. மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கத்து நகைப் பட்டறையில் ஐம்பது வருஷம் உட்கார்ந்தவருக்கு வேறு அவுன்ஸ் எதற்கு? விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். அசந்துவிட்டார் என்று நினைத்து மதினி போனைத் திருப்பப் போனார்.

"அப்ப பதினேழே முக்கால் பவுன். ஒரு மயிரிழை கம்மி."

எட்டால் வகுத்துப் பார்த்தேன். 17.72. கணக்கு அப்படியே இருக்கிறது, ஒன்றும் போகவில்லை. இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் போலிருந்தது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

ஜனவரி 8, திங்கள்

53.0. ஸ்டேட்டஸ் மாறவில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

கட்டை 117 கிராம் இருந்தது. பையன் வரைந்த கோட்டிலேயே அறுத்தேன், முன்பக்கம் கத்தி போல மெலிந்து பின்பக்கம் கொஞ்சம் உயரும் ஆப்பு வடிவம். உப்புத்தாளை அவன் போட்டான். முடிந்தபோது 41. சக்கரமும் ஆணியும் 14. பெயிண்ட் 2 என்று வைத்தால் மொத்தம் 57. கிட்டத்தட்ட 85 கிராம் உள்ளே ஏற்ற வேண்டும்.

மரத்தை இவ்வளவு குறைத்துவிட்டு எடையைத் திரும்ப ஏற்றுவானேன் என்று வீட்டுக்காரர் கேட்டார். மரத்தின் எடை நீளம் முழுக்கப் பரவிக் கிடக்கும், நமக்கு அது ஒரே இடத்தில் வேண்டும் என்றேன். எந்த இடம் என்று எனக்கே இன்னும் உறுதியாகத் தெரியவில்லை.

பையன் உண்டியலைக் கொட்டினான். ஒரு சென்ட் காசு 2.5 கிராம், 34 காசு வேண்டும். அடுக்கிப் பார்த்தால் அந்த மெல்லிய உடம்பில் இடமே இல்லை. ஈயம் இருக்கிறது, ஆனால் குழந்தை கையில் ஈயத்தைக் கொடுக்க மாட்டேன். மிச்சம் டங்ஸ்டன்தான். ஒரு கன சென்டிமீட்டர் 19 கிராமுக்கு மேல். கால் அங்குலக் கட்டி ஒன்று 5 கிராமுக்கு ஒட்டி வருகிறது, பட்டாணிக்குள் ஒரு ஐந்து சென்ட் காசின் எடை. விலை மலைப்பாகத்தான் இருந்தது. 20 கட்டி வாங்கிவிட்டேன்.

ஜனவரி 11, வியாழன்

52.8.

டங்ஸ்டன் என்றதும் அப்பா முகம் மாறியது. தங்கக் கட்டியை நடுவில் குடைந்து அதை வைத்து மூடுவார்களாம். எடை ஒத்துப்போகும், தண்ணீரில் அமிழ்த்தி நிறுத்தாலும் ஒத்துப்போகும், அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். தங்கம் 19.3, டங்ஸ்டன் 19.25. "கேள்விப்பட்டதோட சரி பாப்பா. கையில தொட்டதில்ல. எப்படித்தான் இருக்கும்?"

வரும்போது ஒன்று கொண்டு வருகிறேன் என்று வாயில் வந்துவிட்டது. வரும்போது என்று எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவரும் எப்போது என்று கேட்கவில்லை.

ஜனவரி 13, சனி

எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில்தான் விழும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். அப்படியென்றால் காருக்கு எதற்கு எடை, வெறும் மரமாகவே ஓடட்டுமே என்றான். நியாயமான கேள்வி. நாள் முழுக்க என்னை விடவில்லை.

காற்றே இல்லாத இடத்தில் விழுந்தால் அவன் சொல்வது சரி. இங்கே காற்று இருக்கிறது. ஒரே வடிவக் கார் இரண்டு, ஒன்று 100 கிராம், ஒன்று 141. ஒரே வேகத்தில் போகும்போது காற்று இரண்டையும் ஒரே அளவுதான் எதிர்த்துத் தள்ளும். ஆனால் அதே தள்ளலில் லேசான கார் அதிகம் தளரும். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். ஒரு தட்டில் அரிசியும் கொஞ்சம் பொரியும் போட்டு ஊதினேன். பொரி பறந்தது, அரிசி கிடந்தது. ஆச்சி முறத்தில் புடைத்தது இதுதான். உமியும் அரிசியும் ஒரே காற்றில்தான் போகின்றன.

இன்னொன்றும் உண்டு. சரிவில் கிடைக்கும் சக்தியில் ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றவே போய்விடும். சக்கரம் எல்லாக் காருக்கும் ஒன்றுதான். மொத்த எடை ஏற ஏற, சக்கரம் எடுத்துக்கொள்ளும் பங்கு சிறுத்துக்கொண்டே வரும். ஆணி உரசல்தான் என்னைக் குழப்பியது. எடை கூடினால் உரசலும் கூடுமே? கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடும். அதனால் அதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதற்குக் கிராஃபைட் பொடிதான் வழி. ஆக, 5 அவுன்ஸில் ஒரு துளிகூட விடாமல் நிரப்ப வேண்டும். 4.9 என்று விடுவது கையில் இருப்பதைக் கொட்டுவது போல.

பொரி தரையெல்லாம் கிடக்கிறது. நாளை பெருக்கிக்கொள்ளலாம்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். குக்கரில்தான் வைத்தேன். வெளியே கதவைத் திறக்க முடியாத குளிர். அங்கே அப்பா சர்க்கரைப் பொங்கல் இரண்டு வாய் சாப்பிட்டாராம், மதினி வீடியோ அனுப்பியிருந்தார். மூன்று தடவை பார்த்தேன். இரண்டு வாய்தான்.

52.4.

ஜனவரி 17, புதன்

மாறவில்லை.

ஜனவரி 20, சனி

எடை எங்கே உட்கார வேண்டும் என்பது இன்று தெரிந்தது.

சரிவில் கார் மூக்கைக் கீழே வைத்து நிற்கிறது, பின்பக்கம் உயரத்தில். எடை பின்னால் இருந்தால் அது இறங்கும் உயரம் கூடும். சரிவு 30 டிகிரி என்றால், ஒரு அங்குலம் பின்னால் தள்ளினால் அரை அங்குலம் கூடுதல் இறக்கம். அந்த அரை அங்குலத்துக்காகத்தான் இவ்வளவும்.

பின் அச்சை ஒட்டி வரிசையாகத் துளை போட்டேன். வீட்டில் டிரில் பிடிக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான், பட்டறையில் வளர்ந்த கை. காருக்கு அடியில் 3/8 அங்குலம் இடைவெளி வேண்டும், நடுவில் ஓடும் தண்டவாளத்தில் இடிக்கக்கூடாது. அதனால் கட்டி ஒன்றுகூடத் துருத்தக்கூடாது. பையன் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். அப்பாவின் சாமணம்தான், கல்யாணத்தின்போது என் பையில் போட்டுவிட்டது. முனை இன்னும் கூராக இருக்கிறது. 16 கட்டி. பென்சிலின் மேல் காரை வைத்து நிறுத்தினால் பின் அச்சுக்கு அரை அங்குலம் முன்னால் சமனானது.

இஸ்திரிப் பலகையைச் சோபாவில் சாய்த்து உருட்டினோம். முன் சக்கரம் தரையைத் தொடாமலே வந்து, சாய்வு முடிகிற இடத்தில் துள்ளி ஓரமாகச் சாய்ந்துவிட்டது. பின்பாரம் அதிகம். மூன்று கட்டியை எடுத்து முன்னால் துளைபோட்டு வைத்தோம். இப்போது சமன்புள்ளி அச்சுக்குச் சரியாக ஒரு அங்குலம். பத்து தடவை உருட்டினோம், பத்தும் நேராக வந்தது.

போனில் காட்டினேன். அப்பா சமன்புள்ளியை ரொம்ப நேரம் பார்த்தார். "கடைசிச் சொச்சத்த இப்பவே வைக்காத. இடம் விட்டு வை. நிறுக்கிற இடத்துல போய் வை."

ஜனவரி 22, திங்கள்

அண்ணனிடம் கத்திவிட்டேன். 51.5. மூன்று வாரமாக ஒரே திசையில்தான் போகிறது. டாக்டர் எழுதிக்கொடுத்த பவுடரைப் பாலில் கலக்கிக் கொடுக்கிறீர்களா, எத்தனை தடவை, எத்தனை கரண்டி என்று ஆரம்பித்து என்னென்னவோ கேட்டேன். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. "நீ தூங்கு" என்றான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அப்பாவைக் குளிப்பாட்டுகிறவனிடம் பல ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து கரண்டிக் கணக்குக் கேட்டிருக்கிறேன்.

காலையில் மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் வந்தது.

ஜனவரி 24, புதன்

சிவப்பு பெயிண்ட் அடித்து மூன்று நாள். முதல் நாள் 136.9, நேற்று 136.5, இன்று 136.3. கட்டி ஏதாவது கழன்றுவிட்டதா என்று பயந்து குலுக்கிப் பார்த்தேன். இல்லை. பெயிண்டில் இருந்த ஈரம்தான் பறந்துகொண்டிருக்கிறது.

தராசைச் சின்னதாகப் புதிது வாங்கியிருக்கிறேன், கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும். ஹீட்டர் காற்று பட்டாலே எண் ஆடுகிறது. பட்டறையில் அப்பா நிறுக்கும்போது யாரும் அசையக்கூடாது. மின்விசிறியை நிறுத்துவார், கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டு அடங்கும் வரை மூச்சை அடக்கிக்கொள்வார். வாசலில் நிற்கும் நானும் அடக்கிக்கொள்வேன். இன்று ஹீட்டரை அணைத்தேன். பையனும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றோம். 136.31.

மிச்சம் ஐந்து கிராம் சொச்சம். அதற்கு டங்ஸ்டன் புட்டி, களிமண் போலப் பிசையலாம், காய்வதில்லை. அடியில் ஒரு துளையை அதற்கென்று விட்டிருக்கிறேன்.

ஜனவரி 26, வெள்ளி

எடை பார்க்கும் நாள். வீட்டில் 141.70 வைத்துக் கிளம்பினோம்.

அவர்கள் தராசு 5.02 காட்டியது.

என் தராசில் புது ஐந்து சென்ட் காசு 5.00 தான் காட்டும், அதனால் அங்கே கொஞ்சம் வாதாடினேன். தராசு பார்த்த பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாக் காரும் இதில்தான் ஏறியது" என்றார். சரிதான். அப்பாவும் அதைத்தான் சொல்வார், எந்தக் கடையில் நிறுக்கிறாயோ அந்தக் கடைத் தராசுதான் தராசு.

0.02 அவுன்ஸ் என்றால் அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். நாலைந்து குன்றிமணி எடை. மரத்தைக் குடைந்திருந்தால் பெரிய ஓட்டையே போட வேண்டியிருக்கும். காரைக் கவிழ்த்து, சாமண முனையால் பாசிப்பயறு அளவு புட்டியைக் கிள்ளி எடுத்தேன். 5.01. மறுபடி ஒரு கடுகு. 5.00. பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

இனி காரைத் தொட முடியாது, அங்கேயே பூட்டி வைத்துவிட்டார்கள். கிள்ளிய புட்டி என் நகத்தில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தது.

இதை உடனே சொல்லக் கூப்பிட்டேன். அப்பா தூங்குகிறார் என்றார் மதினி.

ஜனவரி 27, சனி

42 அடி அலுமினியப் பாதை, நான்கு தடம். ஒவ்வொரு காரும் நான்கு தடத்திலும் ஒரு தடவை ஓட வேண்டும். எங்களுடைய நல்ல நேரம் 3.11 நொடி. அவன் வயதுப் பிள்ளைகளில் இரண்டாவது. முதலில் வந்த பெண்ணின் காரைக் கையில் வாங்கிப் பார்த்தேன், ஆணிகளைக் கண்ணாடி போலத் தேய்த்திருந்தாள். நாம் எடையில் விட்டது ஒன்றுமில்லை, ஆணியில் விட்டோம். அடுத்த வருஷம் ஆணி.

சுவரில் டான் மர்ஃபியின் படம் ஒட்டியிருந்தார்கள். ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் பெரிய பந்தயத்தில் சேர அவர் மகனுக்கு வயது போதவில்லை. அதற்காக 1953இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் இந்தச் சின்னப் பந்தயத்தைத் தொடங்கினாராம். படத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜனவரி 28, ஞாயிறு

அப்பா வீடியோவைப் பார்த்தார். ஒரே கேள்விதான் கேட்டார். "கடைசில எவ்வளவு கிள்ளுன?"

கடுகளவு என்றேன். தலையாட்டினார்.

51.1.

ஜனவரி 31, புதன்

மாறவில்லை. வக்கீலுக்கு எழுதினேன். காத்திருங்கள் என்று ஒரு வரி.

பிப்ரவரி 3, சனி

தமிழ்ச் சங்கத்தில் பழக்கமானவர் நாளை மறுநாள் மதுரை போகிறார். மிச்சமிருந்த நான்கு கட்டிகளில் ஒன்றை எடுத்தேன். பையன் நிறுத்தான், 4.91. அப்பா கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நீலத் தாளில் மடித்து, மேலே எடையை எழுதி, பட்டறையில் கல் மடிப்பது போலவே மடித்தேன்.

அவர் வீட்டுக் கூடத்தில் பெட்டியைத் திறந்துபோட்டு எடை மெஷினில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். 23 கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள்.

"இது கனமா?" என்று கையில் வாங்கியவர் ஒரு நொடி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவ்வளவு சின்னப் பொட்டலம் அப்படிக் கனக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள் கைக்குப் போய்விடும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

50.8.