14-ஆம் வீட்டுச் சுவர்

நவம்பர் 2, சனி

தீபாவளி முறுக்கு நமத்துவிட்டது. டின்னை அடுப்பு மேட்டில்தான் அம்மா வைத்திருந்தார். அங்கேயும் ஈரம் ஏறியிருக்கிறது. இரவெல்லாம் மழை. சட்டியில் ஒரு சத்தம், வாளியில் ஒரு சத்தம், பெயிண்ட் டின்னில் வேறு சத்தம். படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா இருமினார்.

நவம்பர் 3, ஞாயிறு

வீடுகளைப் பழுதுபார்க்கச் சொல்லிக் கொடுக்கப்போகும் மனுவோடு வைக்க, படம் எடுக்கலாமா என்று எங்கள் தோட்டத்து வரிசையில் 14-ஆம் வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். "எடுய்யா, அதுக்கென்ன" என்றார். கேமராவை எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்தாயிற்று. பாட்டி தீபாவளிச் சேலையில் நிற்கிறார். நெற்றியில் புதிதாகத் திருநீறு. சமையற்கட்டுக் கொடியில் கிடந்த பழைய துணிகளைக் காணோம். சுவரில் கறுப்பாகப் பூத்திருந்த இடத்தில் முருகன் காலண்டர். காலையில் அது முன்னறையில் தொங்கியது.

பதினோரு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். மண்டபத்தில் பெயிண்ட் உரிந்த சுவர் தெரிந்தால் வாழைமரத்தைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்பவன் நான். இன்றைக்கு எனக்கு வேண்டியது அந்தச் சுவர்தான். "பாட்டி, அந்தக் காலண்டரைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

வாசலில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். அழகாக வந்திருக்கிறது. மனுவோடு வைக்க உதவாது.

நவம்பர் 4, திங்கள்

அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. இருமல் மட்டும்.

நவம்பர் 6, புதன்

தூக்கம் வரவில்லை. ஜேக்கப் ரீஸ் எடுத்த படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். டென்மார்க்கிலிருந்து பிழைக்க வந்து, நியூயார்க்கில் போலீஸ் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். அங்கே ஏழைகள் நெருக்கியடித்துக் குடியிருந்த அடுக்கு வீடுகளில் பல அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. 1887-இல் மக்னீசியத் தூளைக் கொளுத்தி இருட்டில் படமெடுக்கும் வழி வந்ததைப் படித்தார். ராத்திரியில் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தூங்குகிறவர்கள் முகத்தில் பளீரென்று வெளிச்சம். ஒரு அறையில் சுவரில் தொங்கிய காகிதமும் கந்தலும் தீப்பிடித்து, அவரே அடித்து அணைத்திருக்கிறார். 1890-இல் புத்தகம். 1901-இல் அந்த மாநிலத்தில் சட்டம்: புதிதாகக் கட்டும் அடுக்கு வீட்டில் அறைக்கு அறை ஜன்னல், குடித்தனத்துக்கு ஒரு கழிப்பறை. புத்தகத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில், அதுவும் பதினோரு வருடம்தான்.

அந்தப் படங்கள் இல்லாவிட்டால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், சரி. ஆனால் பாதி விழித்த அந்தக் கண்களைப் பார்க்கிறேன். சேலை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

நவம்பர் 7, வியாழன்

கோயில் திண்ணையில், தோட்டத்து மேற்பார்வையாள் தண்டல் மாமா கேட்டார்: "நீ படம் எடுத்துக் குடுப்ப. வந்து பார்த்துட்டு, இந்த வீடெல்லாம் ஆபத்து, காலி பண்ணுங்கன்னு சொல்லிட்டா? எங்க போறது?"

பதில் சொல்ல முடியவில்லை. இரவு முழுக்க அதேதான் மண்டைக்குள். தோட்ட வேலையாட்களின் வீடுகள் பற்றிய மலேசியாவின் 1990-ஆம் ஆண்டு 446-ஆம் சட்டத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். வேலையாட்களுக்குக் கொடுக்கும் வீட்டை முதலாளி பழுதுபார்த்து வைக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் வேண்டும், மின்சாரம் வேண்டும். எல்லாம் இருக்கிறது. ஆனால் அது வேலையில் இருப்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும். பாட்டி பால்மரம் (ரப்பர்) சீவினார், அப்புறம் மரத்தை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டதும் உதிரிப் பழம் பொறுக்கினார், முதுகு வளைந்ததும் நின்றுவிட்டார். அம்மா கதையும் அதுதான். முப்பது, நாற்பது வருடம் இருந்த வீட்டில் இன்றைக்கு இவர்கள் விருந்தாளிகள் மாதிரி. ஒழுகுகிறது என்று வாய் திறக்கவே பயப்படுகிறார்கள். காலண்டர் அங்கே ஏன் போனது என்று இப்போது கொஞ்சம் புரிகிறது.

ரீஸ் விடாமல் எழுதிய மல்பெரி பெண்ட் சந்துகளை இடித்துவிட்டு 1897-இல் பூங்கா திறந்தார்கள். பூங்காவின் படம் இருக்கிறது. புல்தரை, நடைபாதை, உட்கார பெஞ்சு. இடிபட்ட வீடுகளில் இருந்தவர்கள் அந்தப் படத்தில் இல்லை.

மனுவில் இன்னும் ஒரு வரி சேர்க்கப் போகிறேன். பழுது பாருங்கள், அல்லது இதே ஊரில் மாற்று வீடு கொடுத்துவிட்டு இடியுங்கள். கையெழுத்து எல்லாம் மறுபடி வாங்க வேண்டும். பரவாயில்லை.

நவம்பர் 9, சனி

காலண்டர் இன்னும் சமையற்கட்டில்தான். தாள் 3-ஆம் தேதியிலேயே நிற்கிறது. பாட்டி ஒருநாளும் தாள் கிழிக்க மறக்கிறவர் இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

கேமரா இல்லாமல் போனேன். பாட்டி கோப்பி கலக்கிக் கொடுத்தார். நிக் ஹெட்ஜஸ் பற்றிச் சொன்னேன். 1968-இலிருந்து 1972 வரை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஊர்களில் ஈரம் பிடித்த வீடுகளைப் படமெடுத்தவர். படத்தில் இருந்த குடும்பங்களின் மானம் காக்க, அந்தப் படங்களைப் பயன்படுத்துவதற்கு 40 வருடம் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். "உங்க மொகம் வேணாம் பாட்டி, சொவத்த மட்டும் எடுத்துக்கிறேன்" என்றேன்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சொவத்த மட்டும் எடுத்தா அது யாரு வூட்டுச் சொவருன்னு எப்படித் தெரியும்?" என்றார். எழுந்து போய்க் காலண்டரைக் கழற்றினார். அட்டை சுவரோடு ஒட்டியிருந்தது. இழுத்ததும் சுண்ணாம்பு பெயர்ந்து வந்தது. முருகனைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திருப்பிப் பார்த்தார். அட்டையின் முதுகில் அதே கறுப்பு, சுவரில் இருந்த அதே வடிவத்தில். ஏழு நாளில். விரலால் தடவி மோந்து பார்த்தார்.

"போய் மெசினை எடுத்துட்டு வா. சேலைய மாத்திக்கிறேன்."

அட்டையின் முதுகை கேமராவுக்குக் காட்டிப் பிடித்துக்கொண்டு, தீபாவளிச் சேலையில், அந்தச் சுவரை ஒட்டி நின்றார். பிளாஷ் போடவில்லை. பின்கதவைத் திறந்தேன், வெளிச்சம் போதுமாக இருந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

சுங்கை சிப்புட் டவுனில் பிரின்ட் போட்டு, மனுவோடு கொடுத்தாயிற்று. ஏழு படம். ஒவ்வொன்றையும் அந்தந்த வீட்டாரிடம் முதலில் காட்டினேன். ஒருவர் வேண்டாம் என்றார், எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார்களாம்.

நவம்பர் 14, வியாழன்

அம்மா ராத்திரி மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தார். மழை விடவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

மணி பத்து. இன்னும் யாரும் வரவில்லை. பாட்டி ஆறு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். முன்னறையில் ஒழுகுகிற இடத்தில் வாளி. "வாளிய எடுத்துடவாய்யா?" என்று கேட்டார். இருக்கட்டும் பாட்டி என்றேன்.